இருநூற்று நான்காம் அறை சாப்பிட்ட இடங்கள்

பிப்ரவரி 5, திங்கள்

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் டாக்டரம்மா. அது எந்தப் பக்கம் விழும் என்பது என் வாயில்தான் இருக்கிறதாம். ஒரு மாதத்துக்கு என்ன சாப்பிட்டாலும் தேதி போட்டு எழுதி எடுத்துவரச் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் இந்த நோட்டு.

காலை: கேழ்வரகுக் கூழ், ஒரு சொம்பு. மதியம்: சோறு, கீரை. மாலை: ஒன்றுமில்லை. (சர்க்கரை போடாத டீ. ஒரு போண்டா. போண்டா சிறியது.)

டாக்டரம்மாவுக்கு என் நிலைமை புரியவேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன். பெயர் அர்த்தநாரி, வயது நாற்பத்தாறு. சேலம் புதிய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மகுடம் லாட்ஜில் பத்தொன்பது வருடமாக வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. குகை என்கிற பகுதியில் என் அக்கா அலமேலுவின் வீட்டில் இருக்கிறேன். மாமாவுக்கு ரத்தக்கொதிப்பு என்பதால் அக்கா சமையலில் உப்பு இருக்காது. ஆகவே நான் வெளியே சாப்பிடுவதற்கு நான் மட்டும் காரணம் இல்லை.

லாட்ஜுக்கு வருகிறவர்கள் சாவியை வாங்கியதும் கேட்பது, "இந்த ஊர்ல சாப்பாடு எங்க நல்லாருக்கும்?" என்றுதான். இதற்கு இடத்தை மட்டும் சொன்னால் போதாது, நேரத்தையும் சொல்லவேண்டும். அம்மாபேட்டையில் இட்லியும் குடல் குழம்பும் காலை ஏழரைக்குள். எட்டு மணிக்குக் குழம்பில் தண்ணீர் சேர்ந்துவிடும். செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை செட் மாலை ஐந்தரைக்கு மேல். அதற்கு முன் போனால் நேற்றைய சட்னி. சூரமங்கலத்தில் ஒருவர் வண்டியில் கம்மங்கூழ் விற்கிறார். அவரிடம் கூழைவிட மோர்மிளகாய்தான் முக்கியம். இதெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை. ஊர் ஊராகப் போகிற விற்பனைப் பிரதிநிதிகள் என்னிடம் கேட்பதற்காகவே இந்த லாட்ஜில் தங்குகிறார்கள்.

பிப்ரவரி 6, செவ்வாய்

முதலாளி நாச்சிமுத்து காலையிலேயே வந்தார். பொங்கல் கழிந்ததும் லாட்ஜின் கீழ்த்தளத்தில் அவர் மைத்துனர் வையாபுரி ஓட்டல் திறந்தார் அல்லவா, அங்கே ஈ ஓட்டுகிறார்கள்.

"ஏம்ப்பா அர்த்தநாரி, வர்றவங்களையெல்லாம் ஊர் முழுக்க அனுப்பறியாமா?"

"கேக்கறாங்க, சொல்றனுங்க."

"இனிமே யார் கேட்டாலும் கீழ நம்ம ஓட்டல்னு சொல்லு. வெளிய அனுப்பினே, உன்னையும் வெளிய அனுப்பிருவேன்."

வையாபுரியின் சாம்பாரைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. அவரும் குடும்பஸ்தர்.

மதியம் 204-க்கு ஒரு அம்மையார் வந்தார். பகவதி, நாகர்கோயில். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கலாம். இங்கே ஒரு தனியார் மருத்துவமனைக்கு டயாலிசிஸ் இயந்திரங்கள் புதிதாக வந்திருக்கின்றன. அவற்றை இயக்க நர்சுகளுக்குச் சொல்லித்தர கம்பெனி அனுப்பியிருக்கிறது. பத்தொன்பது நாள் தங்குகிறார். சாவியை வாங்கிக்கொண்டு அவரும் கேட்டார்.

"கீழயே நம்ம ஓட்டல் இருக்குதுங்க" என்றேன். வேலை முக்கியம்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்து மேசை முன்னால் நின்றார். கோபப்படவில்லை.

"நீங்க அங்க சாப்பிட்டிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போனார்.

பிப்ரவரி 7, புதன்

காலையில் அவர் படியிறங்கி வரும்போது வையாபுரி பால் வாங்கப் போயிருந்தார். அம்மாபேட்டைக்கு வழியை ஒரு சீட்டில் எழுதி, சாவி வாங்கும் சாக்கில் அவர் கையில் கொடுத்துவிட்டேன். இதில் தனிப்பட்ட அக்கறை ஒன்றும் இல்லை. ஊருக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது.

மாலை திரும்பியதும் ஆவலோடு, "எப்படிங்க இருந்துச்சு?" என்றேன்.

"கொள்ளாம்" என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மேலே போய்விட்டார்.

கொள்ளாம். அதாவது வாய் கொள்ளவில்லை, மனசு கொள்ளவில்லை. பத்தொன்பது வருடத்தில் அந்தக் குடல் குழம்பை யாரும் இப்படிச் சொன்னதில்லை. எட்டு மணிக்கு மேல் போயிருப்பார்.

காலை: கூழ். மதியம்: சரியாக இறங்கவில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

ஏழு மணிக்கே போனாராம். சந்தேகம் தீர நானும் ஆறே முக்காலுக்குப் போய்ச் சாப்பிட்டுப் பார்த்தேன். குழம்பில் ஒரு குறையும் இல்லை. நான்கு இட்லி. பிறகு உறுதிசெய்துகொள்ள இரண்டு.

இன்றைக்கு அவரை மதியச் சாப்பாட்டுக்கு அஸ்தம்பட்டி மெஸ்ஸுக்கு அனுப்பினேன். அங்கே அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைக்கிற சாதத்துக்கு நெய் ஊற்றுவதற்குத் தனியாக ஒரு ஆள் உண்டு. மாலை வந்தார்.

"கொள்ளாம்."

பிப்ரவரி 10, சனி

பிரியாணி. கொள்ளாம்.

பிப்ரவரி 11, ஞாயிறு

இனிமேல் எந்த இடத்தையும் முதலில் நான் போய்ச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவருக்குச் சொல்வது என்று முடிவு செய்திருக்கிறேன். ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு நாள் கை ஒவ்வொரு மாதிரி இருக்கும். இன்று மட்டும் மூன்று இடத்தில் வெண்பொங்கல்.

இந்த நோட்டை டாக்டரம்மாவிடம் காட்டமுடியாது. கேழ்வரகு, கீரை என்று எழுத வேறொரு நோட்டு வாங்கவேண்டும்.

பிப்ரவரி 13, செவ்வாய்

பழைய சட்டைகள் காலரில் நைந்துபோனதால் இரண்டு புதுச் சட்டை எடுத்தேன். மீசைக்கு மை போடுவதும் பல நாளாகத் தள்ளிப்போன காரியம். அக்கா என்னைப் பார்த்துவிட்டு மாமாவைப் பார்த்தாள். மாமா செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

காலை பதினொரு மணிக்கு 204 லாட்ஜிலேயே இருந்தார். மருத்துவமனையில் மின்சாரம் இல்லையாம். கூடத்தில் உட்கார்ந்து எனக்கும் அந்த இயந்திரத்தைப் பற்றிச் சொன்னார். ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போய், சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். நான்கு மணி நேரம் அசையாமல் படுத்திருக்கிறவர்களுக்குப் பயம் தெரியக்கூடாது என்பதுதான் நர்சுகளுக்கு அவர் முதலில் சொல்லித்தருவதாம். "குழாயை மாட்ட யாருக்கும் படிச்சுக் கொடுத்திரலாம். பக்கத்துல இருந்து பேச்சுக் கொடுக்கதுதான் பாடு" என்றார்.

அவர் பேசும்போது வையாபுரி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது தடவை ஒரு தட்டில் பஜ்ஜியோடு வந்தார். இருவரும் நன்றி சொல்லி வாங்கிவைத்தோம். யாரும் தொடவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

செவ்வாய்ப்பேட்டைத் தட்டுவடை செட். இதுதான் என் கடைசி அஸ்திரம். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலும் கீழும் இரண்டு நிறச் சட்னி. அந்தக் கடைக்காரர் செல்லமுத்து பூண்டுச் சட்னியில் என்ன போடுகிறார் என்று அவர் சம்சாரத்துக்கே தெரியாது. முந்தின நாளே போய் இரண்டு செட்டும், தட்டுவடையை உடைத்துப் போட்டுக் கலக்கும் நொறுக்கல் ஒன்றும் சாப்பிட்டுப் பார்த்து, மறுநாள் நாகர்கோயிலிலிருந்து ஒருத்தர் வருவார், கவனித்துப் போடுங்கள் என்று சொல்லிவைத்திருந்தேன்.

ஏழு மணிக்குத் திரும்பி வந்தார். உதட்டோரத்தில் பீட்ரூட் சிவப்பு.

"ஒரு பாடு கொள்ளாம்" என்றார்.

ஒரு பாடு. அதுவரை சும்மா கொள்ளாமல் இருந்தது, இப்போது ஒரு பாடு கொள்ளாமல் போய்விட்டது.

இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை. இத்தனை வருடம் மரியாதைக்காக எல்லாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். உண்மை பேசுகிற ஒரு மனுஷி இப்போதுதான் வந்திருக்கிறார்.

பெல்ட்டில் புது ஓட்டை போடவேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 16, வெள்ளி

இன்றைக்கு அவர் கேட்டபோது, "எனக்குத் தெரியலைங்க" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். பிஸ்கட் பாக்கெட்டோடு திரும்பி வந்தார். நானும் மதியம் ஒன்றும் சாப்பிடவில்லை. டாக்டரம்மா இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

பிப்ரவரி 17, சனி

காலையில் 107-க்கு ஒருவர் வந்தார். தாணுலிங்கம், நாகர்கோயில், நேந்திரங்காய் சிப்ஸ் மொத்த வியாபாரம். சாப்பாடு எங்கே என்று கேட்டார். வையாபுரி பக்கத்திலேயே நின்றதால் கீழே அனுப்பினேன். வெளியே வந்தவர் கர்ச்சீப்பால் வாயைத் துடைத்துக்கொண்டே, "கொள்ளூல வே" என்றார்.

எனக்கு ஏதோ உறைத்தது. "கொள்ளாமா, கொள்ளூலயாங்க?" என்றேன்.

"கொள்ளூலன்னுல்லா சொல்லுகேன். கொள்ளாம்னா நல்லாருக்குன்னு அர்த்தம். இது கொள்ளூல. நல்லால்ல."

"அப்ப ஒருத்தங்க ஒரு பாடு கொள்ளாம்னு சொன்னா?"

"ரொம்பப் பிரமாதம்னு அர்த்தம். யாரு, இந்த ஓட்டலையா சொன்னா?"

அவருக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ வரவழைத்துக் கொடுத்தேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. பிறகு இந்த நோட்டை எடுத்து ஏழாம் தேதியிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். குடல் குழம்பு நன்றாக இருந்திருக்கிறது. நெய் ஊற்றின சாதம் நன்றாக இருந்திருக்கிறது. தட்டுவடை செட் ரொம்பப் பிரமாதமாக இருந்திருக்கிறது. நேற்று அந்த மனுஷியை நான் பிஸ்கட் தின்ன வைத்திருக்கிறேன்.

மாலை அவர் வந்ததும் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் அங்கிருந்த சோபாவில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் அப்படிச் சிரிப்பவரை நான் பார்த்ததில்லை.

"பத்து நாளா நான் உங்களைத் திட்டிட்டே இருந்திருக்கேன்" என்றார் கடைசியில்.

"ஆமாங்க."

"பின்னயும் தினமும் சீட்டு எழுதித் தந்தீங்களே."

சாவியைக் கொடுத்தேன்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை" என்றார். "அந்தத் தட்டுவடைக் கடைக்கு நீங்களும் வாங்க. நீங்க சாப்பிடறதை நான் பாக்கல்லியே."

பிப்ரவரி 18, ஞாயிறு

போனோம். ஆட்டோவில் நான் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

செல்லமுத்து கடையில் நான்கு பெஞ்சுதான். மூன்று நிறைந்திருந்தது. நான்காவதில் தலையில் துண்டைப் போட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு ஒருவர் முட்டை நொறுக்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பகவதி மேடம் அதே பெஞ்சின் ஓரத்தில் உட்கார, நான் நடுவில் இடம் கேட்டுத் துண்டுக்காரர் தோளைத் தொட்டேன். திரும்பினார். எங்கள் முதலாளி.

அவர் மீசையில் முட்டைத்துணுக்கு இருந்தது. சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"நீ இங்க என்னப்பா பண்றே?"

"இன்னைக்கு எனக்கு லீவுங்க முதலாளி."

"இவங்க?"

"ரூம் நம்பர் இருநூத்திநாலுங்க."

"நம்ம ஓட்டல்ல சாப்பிடலையாம்மா?" என்றார் முதலாளி. கேட்டிருக்கக்கூடாது.

"ஒரு தடவை சாப்பிட்டேன் சார்" என்றார் பகவதி மேடம். "அந்தச் சாம்பாரை டயாலிசிஸ் பேஷண்டுக்குக் கொடுத்தா ஆஸ்பத்திரி லைசென்ஸே போயிரும் பாத்துக்கிடுங்க. உப்பும் தண்ணியும் அளவா இருக்கணும். அதுல ரெண்டும் அளவில்ல."

என் வேலை போய்விட்டது என்று நினைத்தேன். புதுச் சட்டை எடுத்தது வீண் என்றும் தோன்றியது.

முதலாளி தட்டைப் பெஞ்சில் வைத்தார். "எனக்குத் தெரியாதா?" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "தினமும் மத்தியானம் அங்க உக்காந்து எல்லாரும் பாக்கச் சாப்பிடறேன். சாயங்காலம் இங்க வந்து வாயைக் கழுவிக்கிறேன். வீட்டுக்காரியோட ஒரே தம்பி. எப்படிச் சொல்றது?"

"பாவம்" என்றார் பகவதி மேடம். உண்மையாகத்தான் சொன்னார்.

மூவரும் சாப்பிட்டோம். முதலாளி கிளம்பும்போது என் காதருகே குனிந்து, "அந்த அஸ்தம்பட்டி மெஸ்ஸுல வெள்ளிக்கிழமை என்ன போடுவாங்க?" என்று கேட்டார். சொன்னேன்.

அவர் போனதும் பகவதி மேடம் என் தட்டைப் பார்த்தார். நான் பாதிகூடத் தின்னவில்லை. "வயிறு சரியில்லையா?" என்றார். ஆமாம் என்றேன். வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை.

பிப்ரவரி 19, திங்கள்

முதலாளியின் புது உத்தரவு: "யார் கேட்டாலும் கீழ நம்ம ஓட்டல்னு சொல்லு. மச்சான் காதுல விழற மாதிரி சத்தமாச் சொல்லு. அப்புறம் மெதுவா உன் இஷ்டப்படி சொல்லு."

பிப்ரவரி 22, வியாழன்

இந்த நான்கு நாளாக மாலையில் இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். கம்மங்கூழ், ஆப்பம், மறுபடியும் தட்டுவடை. அவர் பத்தொன்பது வயதில் வேலைக்குப் போனவர், அப்பா இல்லை, தம்பி தங்கைகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது நாற்பது தாண்டியிருந்தது. இதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை, பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

விருந்தாளிகளிடம் இப்படிப் பேசுவது எனக்கு வழக்கம்தான். மற்றவர்களிடம் பேசியது இப்போது ஞாபகம் வரவில்லை.

அவர் போக இன்னும் இரண்டு நாள்.

பிப்ரவரி 24, சனி

மதியம் ஒரு மணிக்கு மதுரை பஸ். அங்கே போய் நாகர்கோயிலுக்கு மாறவேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். பேருந்து நிலையம் பக்கத்தில்தான் என்றாலும் பெட்டி கனம். அதில் காரப்பொரி மட்டும் நான்கு பாக்கெட், நான் வாங்கிக்கொடுத்தது.

அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் கீழே நின்று, "நாமக்கல்லுல நிக்கும்போது ஒண்ணும் வாங்காதீங்க. திண்டுக்கல்லுல நின்னா இறங்கி, வலது பக்கம் ரெண்டாவது கடைல..." என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அர்த்தநாரி சார்" என்றார். "நீங்க சாப்பாட்டைத் தவிர வேற ஒண்ணும் பேசமாட்டீங்களா?"

ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பினார்.

"நாளையிலிருந்து எனக்கு எங்க சாப்பிடறதுன்னு தெரியலைங்க" என்றேன்.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "எனக்கு நாப்பத்திரெண்டு வயசு. மாசத்துல பாதி நாள் வெளியூரு. அம்மை என்கூடத்தான் இருப்பா. இதையெல்லாம் யோசிச்சுப் பாத்துட்டுப் பேசுங்க."

"யோசிச்சுட்டனுங்க."

"எப்ப?"

"பதிமூணாந்தேதி, காலைல பதினொரு மணிக்குங்க."

பஸ் நகர்ந்தது. அவர் என்ன முகத்தோடு இருந்தார் என்று பார்ப்பதற்குள் பின்னால் ஒரு கரூர் வண்டி வந்து மறைத்துவிட்டது.

பிப்ரவரி 27, செவ்வாய்

கூழ். கீரை. கூழ்.

மார்ச் 1, வெள்ளி

போன் வரவில்லை. அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மை போட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும் சாமி, நீயா வாயத் தொறப்பேன்னு பாத்துட்டு இருந்தேன்" என்றாள். மாமா எழுந்து வந்து என் தட்டில் ஊறுகாய் வைத்தார். அந்த வீட்டில் ஊறுகாய் இருப்பது அக்காவுக்கே தெரியாது.

மார்ச் 3, ஞாயிறு

மாலை நான்கு மணிக்கு போன்.

"வாற ஞாயித்துக்கிழமை உங்க அக்காவையும் மாமாவையும் கூட்டிட்டு வாங்க. அம்மை பாக்கணும்ங்கா."

"சரிங்க."

"மத்தியானம் சாப்பாடு வீட்டுலதான். நான்தான் பொங்குகேன்."

"சரிங்க" என்றேன். போனை வைத்த பிறகு ஒரு பத்து தடவை சரிங்க என்று சொல்லியிருப்பேன். 302-க்கு வந்தவர் ஏன் சார் என்றார்.

மார்ச் 10, ஞாயிறு, நாகர்கோயில்

வடசேரியில் சின்ன ஓட்டு வீடு. பகவதியின் அம்மா வாசலிலேயே நின்றார். அக்காவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போகும்போது மெதுவாகச் சொன்னார்: "இவ அடுப்புப் பக்கம் போயி இருவது வருசமாச்சு. நான் வைக்கேன்னு சொன்னேன், சம்மதிக்கல்ல. கொஞ்சம் பாத்துச் சாப்பிடுங்க."

இலை போட்டார்கள். மீன் குழம்பு, அவியல், பருப்பு, பப்படம். பகவதி பரிமாறினார். பச்சைப் புடவை, நெற்றியில் வியர்வை, வலது கையில் எண்ணெய் தெறித்த கொப்புளம் புதிதாக.

மாமா ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். ரத்தக்கொதிப்பு மனிதர். அக்கா தண்ணீர் குடித்தாள், பிறகு இன்னும் கொஞ்சம் குடித்தாள். நான் எல்லாவற்றையும் ஒவ்வொரு வாய் சாப்பிட்டேன்.

பகவதி என் எதிரில் வந்து நின்றார்.

"எப்படி இருக்கு? மத்தவங்க மரியாதைக்குச் சொல்லுவாங்க. நீங்க இந்த விஷயத்துல பொய் சொல்லமாட்டீங்க. உள்ளதைச் சொல்லுங்க."

பக்கத்து இலையிலிருந்து அக்கா முழங்கையால் என்னை இடித்தாள். பத்தொன்பது வருடமாக ஒரு இட்லியைப் பற்றிக்கூட நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை.

"மீன் குழம்புல புளி அதிகமுங்க" என்றேன். "உப்பு ரெண்டு தடவை விழுந்திருக்குதுங்க. அவியல்ல சேனை வேகலைங்க. பருப்பு அடிப்பிடிச்சிருக்குது. பப்படம் நல்லாருக்குதுங்க."

பகவதியின் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். மாமா கண்ணைத் திறக்கவே இல்லை.

நான் சோற்றை நடுவில் குழித்து, இலையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க" என்றேன்.

பகவதி சட்டியை எடுத்துவந்து, பக்கத்தில் உட்கார்ந்து, நிறைய ஊற்றினார்.